மாத்திரை கொடுத்ததும் எடுத்ததும்

வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகு எனக்கு ஒரு புதுத் தொல்லை. சைதாப்பேட்டையில் எங்கள் அடுக்ககத்தில் யாருக்காவது மனநல மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டால் போதும், அந்த அட்டையோடு நேரே வந்து என் வீட்டு மணியை அடிக்கிறார்கள். "சிஸ்டர், நெட்ல பாத்தோம், சைடு எஃபெக்ட் எக்கச்சக்கமா போட்டிருக்கான். குடுக்கலாமா, வேணாமா?" இதற்கு ஒற்றைச் சொல்லில் பதில் வேண்டுமாம். கத்தரிக்காய் பிஞ்சா முற்றலா என்று கேட்பதுபோலக் கேட்கிறார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். நான் டாக்டர் இல்லை. பாதி ஆயுளுக்கு மேல் மனநல வார்டிலும் கிளினிக்கிலும் நர்சாக வேலை பார்த்தவள், அவ்வளவுதான். டாக்டரைக் கேட்காமல் போடாதே, கேட்காமல் நிறுத்தாதே என்பதற்கு மேல் வாசலில் நின்றுகொண்டு என்ன சொல்ல முடியும்?

போன வாரம் மூன்றாம் மாடிப் பெண் ஒருத்தி, "அப்போ நீங்க பாத்ததை எழுதி குரூப்ல போடுங்க சிஸ்டர்" என்றாள். குரூப்பில் போடுகிற அளவுக்குச் சின்னதாக எழுத எனக்கு வராது. அதனால் இங்கே எழுதுகிறேன். மாத்திரைகளின் பெயரை மட்டும் எழுத மாட்டேன். எழுதினால் நாளைக்கே யாராவது மருந்துக் கடையில் போய் அதைக் கேட்பார்கள்.

படிப்பு, பயிற்சி பற்றிச் சொல்ல அதிகமில்லை. பெரிய ஆஸ்பத்திரி வார்டில் ஊசி போடக் கற்றுக்கொண்டேன், கத்துகிறவர் கையைப் பிடித்து உட்கார வைக்கக் கற்றுக்கொண்டேன், அடி விழுவதற்கு முன் நகரவும் கற்றுக்கொண்டேன். அங்கே எங்களுக்கு இருந்தது ஒரே கேள்விதான்: ஆள் அமைதியாக இருக்கிறாரா? இருந்தால் மாத்திரை வேலை செய்கிறது. அந்த அமைதிக்குள் அவர் என்ன பாடுபடுகிறார் என்று பார்க்க யாருக்கும் நேரமில்லை. அபிராமபுரத்தில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் இருந்த கிளினிக்குக்கு வேலைக்கு வந்த பிறகுதான் வேறு மாதிரிப் பார்க்கப் பழகினேன்.

எங்கள் டாக்டர் மயிலாப்பூர்க்காரர். பெயரைப் போட்டால் கோபித்துக்கொள்வார், அதனால் டாக்டர் என்றே வைத்துக்கொள்வோம். நோயாளி பேசும்வரை பேனாவின் மூடியைக் கழற்ற மாட்டார். கூட வந்தவர்கள் முந்திக்கொண்டு பேசினால், "உங்களுக்கும் டைம் தரேன், செத்த இருங்கோ" என்பார். வருகிறவர் யாராக இருந்தாலும் முதலில் நான் ஒரு எவர்சில்வர் டம்ளர் நிறையத் தண்ணீர் கொண்டு வந்து கொடுக்க வேண்டும். "வெயில்ல வந்திருக்கேள், ஜலம் சாப்பிடுங்கோ" என்று உபசாரமாகச் சொல்வார். உபசாரம் பாதிதான். நம் பக்கத்தில் பெரும்பாலும் டம்ளரை வாயில் வைக்காமல் தூக்கித்தானே குடிக்கிறோம்? அப்படிக் குடிக்கும்போது கை நடுங்கினால் சட்டை நனையும். கழுத்து இறுகியிருந்தால் தலை பின்னால் சாயாது. தொண்டை சோம்பலாக இருந்தால் புரையேறும். மாத்திரை உடம்பை என்ன செய்திருக்கிறது என்பது அந்த ஒரு டம்ளர் தண்ணீரில் தெரிந்துவிடும். வந்தவருக்கோ, தன்னைச் சோதிக்கிறார்கள் என்றே தெரியாது.

தண்ணீர் குடித்து முடித்ததும் அவர் கேட்பது இரண்டு கேள்வி. "இந்த மாத்திரை உங்களுக்கு என்ன குடுத்தது? உங்ககிட்டேர்ந்து என்ன எடுத்துண்டது?" இரண்டுக்கும் பதில் வந்த பிறகுதான் பேனா திறக்கும்.

எங்கள் சைதாப்பேட்டை ஆட்டோக்காரர் ஒருவரை நானே அங்கே அழைத்துப் போயிருந்தேன். யாரோ துரத்துகிறார்கள் என்று பயந்துகொண்டிருந்த மனிதர். மாத்திரை ஆரம்பித்துச் சில நாளில் மனைவியோடு வந்து நின்றார். நின்றார் என்றால் நிஜமாகவே நின்றார், உட்காரவில்லை. இந்தக் காலை மாற்றி அந்தக் காலை மாற்றி, கதவுக்கும் மேசைக்கும் நடை. மனைவிக்கு அழுகை. "வியாதி ஏறிக்கினே போவுது டாக்டர். ராவெல்லாம் ஊட்டுக்குள்ளயே நடந்துக்கினு கீறாரு. மாத்திரைய இன்னும் ஏத்திக் குடுங்க."

டாக்டர் அவரைப் பார்த்து மெதுவாகக் கேட்டார். "மனசு ஓடறதா, கால் ஓடறதா?"

"மனசு சும்மா கீது டாக்டர். தொரத்தறவன்லாம் போய்ட்டான். காலுதான் நிக்க மாட்டேங்குது. சிக்னல்ல நிக்கும்போது வண்டிய அப்பிடியே உட்டுட்டு எறங்கி ஓடலாமான்னு கீது. இன்னா மாத்திர இது!"

டாக்டர் அளவைக் குறைத்தார், சில நாளைக்கு வண்டி ஓட்ட வேண்டாம் என்றார். கால் அடங்கியது. அந்த அம்மா கேட்டபடி ஏற்றியிருந்தால் மனிதர் தெருத்தெருவாக ஓடியிருப்பார். மாத்திரை செய்கிற வேலை வியாதி மாதிரியே வேஷம் போட்டுக்கொண்டு வரும் என்பது எனக்கு அன்றைக்குப் புரிந்தது. வியாதி மாதிரி மட்டும்தான் வேஷம் போடும் என்று நினைத்திருந்தேன். கனி வந்த பிறகு அதுவும் தப்பு என்று தெரிந்தது.

கனி என்பது நான் வைத்த பெயர். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம், தி. நகரில் பாத்திரக்கடை. கணவர் செந்தில் கடையைப் பார்க்கிறார். கல்யாணமாகி இரண்டாவது வருடம், கனியை மாமியார்தான் அழைத்து வந்தார். கனி இரண்டு கையையும் சேலை முந்தானையில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். டம்ளரை நீட்டினேன், கையை வெளியே எடுக்கவில்லை.

"சோத்த வடிச்சு வடிச்சுக் கொட்டுதா டாக்டர்" என்றார் மாமியார். "அரிசியக் களைஞ்சு களைஞ்சு நொய்யாக்கிருதா. கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்டக்கா. கடை ரொட்டியத் தவிர ஒண்ணும் திங்கதில்ல. என் மக மாதிரி வச்சிருக்கேன், என்ன குறைன்னு தெரியலயே."

அவரை வெளியே உட்கார வைத்துவிட்டுக் கேட்டபோது கனி என்னைப் பார்த்துச் சொன்னாள். "என் உள்ளங்கையிலருந்து விஷம் இறங்குது சிஸ்டர். கண்ணுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் தொட்டத அவுக தின்னா என்ன ஆகும்?" வீட்டாரைக் காப்பாற்றத்தான் அந்தப் பெண் அத்தனை சோற்றையும் கொட்டியிருக்கிறாள்.

டாக்டர் மாத்திரை எழுதினார். சில வாரம் கழித்து வந்தபோது கையில் முந்தானைச் சுற்று இல்லை. டம்ளரை வாங்கித் தூக்கிக் குடித்தாள், ஒரு சொட்டுச் சிந்தவில்லை. மாத்திரை என்ன கொடுத்தது என்று டாக்டர் கேட்டார். "அந்த நினைப்பு இப்போ தூரத்துல நிக்கி டாக்டர். நேத்து புளிக்குழம்பு வச்சேன். எல்லாரும் சாப்பிட்டாவ. நானும் சாப்பிட்டேன்" என்றாள். புளிக்குழம்பு வைத்ததை இவ்வளவு பெருமையாகச் சொன்ன ஆளை நான் பார்த்ததில்லை.

இனி எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பெண்களிடம் மாதவிலக்கு பற்றி டாக்டர் கேட்க மாட்டார். கூச்சம். மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு, "ராணி, நீ வெயிட் பாத்துட்டு வந்துடு" என்பார். எடை பார்க்கும் அறைக்குள் கூட்டிப் போய் நான் கேட்டுச் சொல்ல வேண்டும். அடுத்த முறை வந்தபோது கனியையும் கேட்டேன். "எல்லாம் ஒழுங்கா வருது சிஸ்டர்" என்று தரையைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை வெட்கம் என்று எடுத்துக்கொண்டேன். அப்படித்தான் யாரும் எடுத்துக்கொள்வார்கள்.

நடந்தது என்னவென்றால், அவளுக்கு மாதம் தவறியிருந்தது. அதை முதலில் கவனித்தவர் மாமியார். அந்த வீட்டில் விலக்கு நாட்களில் மருமகள் சாமி விளக்கைத் தொட மாட்டாள், மாமியார் ஏற்றுவார். அந்த மாதம் மருமகள் ஒரு நாள்கூட விடாமல் விளக்கேற்றினாள். அடுத்த மாதமும் ஏற்றினாள். மாமியாருக்குச் சொல்ல வேண்டுமா? இரண்டு வருடமாகக் காத்திருந்தவர். மூன்று மாதம் முடியும்வரை வெளியே மூச்சு விடக்கூடாது, கண் பட்டுவிடும் என்று மருமகளிடம் சத்தியம் வாங்கிவிட்டார். வெளி ஆட்களில் நானும் ஒருத்தி. அதனால்தான் அந்தப் பொய்.

மூன்றாவது மாதம் முடிந்த கையோடு மூன்று பேருமாக வந்தார்கள். மெட்ரோவுக்குத் தோண்டிப்போட்டிருந்த சாலையைச் சுற்றிக்கொண்டு, வியர்க்க விறுவிறுக்க, நேரம் கழித்து வந்தார்கள். மாமியார் கையில் பனங்கற்கண்டுப் பொட்டலம். "டாக்டர், மொதல்ல வாயில போடுங்க. நல்ல சேதி. இனி இவளுக்கு இந்த மாத்திரைல்லாம் வேண்டாம்லா? இவளே நிறுத்திட்டா" என்று ஒரே மூச்சில் சொன்னார். செந்தில் முகமெல்லாம் பல்.

டாக்டர் பொட்டலத்தை வாங்கி மேசைமேல் வைத்தார், பிரிக்கவில்லை. நான் வழக்கப்படி டம்ளரைக் கனியிடம் நீட்டினேன். நடுங்காத கையால் வாங்கினாள். வாங்கியவள் குடிக்காமல் தண்ணீரையே பார்த்தாள். பிறகு என் காதருகே வந்து, "நான் தொட்டுட்டேன் சிஸ்டர். இதக் கொட்டிருங்க. டம்ளரையும் யாருக்கும் குடுக்காதீங்க" என்றாள்.

எடை பார்க்கும் அறைக்குள் அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினேன். இந்த முறை எல்லாம் சொன்னாள். மாதம் தவறியது, மார்பு கனத்தது, ஒரு நாள் குளிக்கும்போது பால் போல இரண்டு சொட்டு வந்தது. சிலருக்கு முன்கூட்டியே வரும் என்று மாமியார் பூரித்துப் போயிருக்கிறார். பால் வந்ததும் இவளுக்குச் சந்தேகமே போய்விட்டது. பிள்ளைக்கு ஆகாதென்று அன்றைக்கே மாத்திரையை நிறுத்தியிருக்கிறாள். சில நாளில் பழைய நினைப்பு பக்கத்தில் வந்து நின்றுவிட்டது. பிள்ளைக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருக்கிறாள்.

"ஏம்மா, கர்ப்பமான்னு பாக்கற கிட்டு கடையில விக்குதே, அதுல ஒரு தடவை பாத்தீங்களா?"

"பாத்தா இல்லன்னு சொல்லிருமோன்னு பயமா இருந்துச்சு சிஸ்டர்."

அந்த மாத்திரை சில பெண்களுக்கு மாதத்தை நிறுத்தும், மார்பில் பால் சுரக்கவும் வைக்கும். எனக்குத் தெரியும், டாக்டருக்கும் தெரியும். கனிக்கு யாரும் சொல்லவில்லை. ஒன்றும் தெரியாதவளுக்கு உடம்பே சாட்சி சொன்னால் அவள் வேறு என்ன நினைப்பாள்?

பரிசோதனைக்கு அனுப்பினோம். கரு இல்லை என்று வந்தது. டாக்டர் கனியை மட்டும் உள்ளே கூப்பிட்டார். மாமியார் எழுந்தபோது, "முதல்ல அவகிட்ட சொல்லணும்மா. அவ உடம்பு" என்று உட்கார வைத்தார். பிறகு சுற்றி வளைக்காமல் சொன்னார். பிள்ளை உண்டாகவில்லை, இது மாத்திரை செய்த வேலை, மாத்திரை மாற்றினால் சரியாகிவிடும், பின்னால் பிள்ளை பெறுவதற்கு இதனால் தடை ஒன்றுமில்லை.

கனி அழுவாள் என்று பஞ்சுச் சுருளைக் கையில் வைத்திருந்தேன். அவள் அழவில்லை. டாக்டரை நேராகப் பார்த்துக் கேட்டாள்.

"என் கையில விஷம்னு மனசு சொல்லுது, அது பொய்ங்கீங்க. பிள்ள இருக்குன்னு உடம்பு சொல்லிச்சு, அதுவும் பொய்ங்கீங்க. அப்போ நான் எதத்தான் நம்ப?"

டாக்டர் எழுந்து போய்க் கதவைத் திறந்தார், செந்திலையும் மாமியாரையும் உள்ளே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார்.

இனி மாத்திரை வேண்டுமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்துவிட்டு வரச்சொல்லி அவர்களை அனுப்பினோம். அவளைத் தனியாக விட வேண்டாம், ராத்திரி ஒரு மணிக்கென்றாலும் எனக்குப் போன் செய்யுங்கள் என்று செந்திலிடம் சொன்னேன். கதவு மூடியதும் டாக்டரிடம் சண்டைக்குப் போனேன். அவரிடம் நான் குரல் உயர்த்தியது அந்த ஒரு முறைதான்.

"பொம்பளைங்களுக்கு இத எழுதறப்பவே இப்படி ஆகும்னு சொல்றதுக்கு என்ன டாக்டர்?"

"சொன்னா போட்டுக்க மாட்டா, ராணி. நெறைய பேரைப் பாத்துட்டேன். மாசம் நிக்கும்னா மொத நாளே அட்டையைத் தூக்கிப் போட்டுடுவா."

"போடட்டுமே! தெரிஞ்சு போடறதும் போடாததும் அவங்க பாடு. தெரியாம போட்டதால இப்போ ஒரு பொண்ணு இல்லாத புள்ளைக்காக இருந்த நிம்மதியையும் விட்டுட்டு உக்காந்திருக்கு. என்ன எடுத்துக்கிச்சுன்னு பின்னாடி கேக்கறீங்களே, என்ன எடுத்துக்கும்னு முன்னாடி சொல்ல வேணாமா?"

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "நீ சொல்றது சரி" என்றார். பெரிய மனிதர். அடுத்த நாளிலிருந்து எந்தப் பெண்ணுக்கு எழுதினாலும் மின்விசிறியைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்து அவரே சொன்னார். ஆரம்பத்தில் காது சிவந்துவிடும், பாவம். சிலர் வேண்டாம் என்று எழுந்து போனதும் உண்டு. பலர் திரும்பி வந்தார்கள்.

சொன்னபடி இரண்டு நாள் கழித்து மூவரும் வந்தார்கள். டாக்டர் கனியிடம்தான் பேசினார். "பழைய மாத்திரையையே குறைச்சுப் போடலாம். மாசம் சரியாகலாம், ஆகாமலும் போகலாம். வேற மாத்திரை ஒண்ணு இருக்கு. அது மாசத்துல கை வைக்காது. ஆனா கால் ஒரு எடத்துல நிக்காது, தூக்கம் கெடலாம், அந்த நெனைப்பைப் பழசு மாதிரி அடக்குமான்னு போட்டுப் பாத்தாத்தான் தெரியும். ஒண்ணுமே வேண்டாம்னாலும் சொல்லு, நாங்க கூட இருந்து பாத்துப்போம். ஆனா இப்போ நெனைப்பு எப்படி இருக்குன்னு உனக்கே தெரியும். நாளைக்கு நிஜமாவே பிள்ளை உண்டாச்சுன்னா, பிரசவ டாக்டரோட சேர்ந்து பேசி முடிவு பண்ணலாம். நீயா மட்டும் நிறுத்தாதே."

மாமியார் கும்பிட்டார். "மாத்திரையே வேண்டாம் டாக்டர். ஊருக்குக் கூட்டிட்டுப் போயி நாலு மாசம் வச்சிருக்கேன். ஒரு பிள்ள பொறந்துட்டா இந்த நினைப்புல்லாம் தன்னால ஓடிரும்." கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நம் ஊரில் பாதிப் பேர் இதைத்தான் நம்புகிறார்கள், என் தாயும் நம்பினாள்.

"பிள்ள பொறந்தா அத யாரு தூக்குவா அத்த?" என்றாள் கனி. கை மறுபடி முந்தானைக்குள் இருந்தது. "நான் தொடணும்லா. பால் குடுக்கணும்லா. இந்த நினைப்ப வச்சுக்கிட்டு, பெத்த பிள்ளயத் தொடப் பயந்து தள்ளி நிக்கவா? எனக்கு மொதல்ல என் கை வேணும். கால் நிக்காட்டா நான் நடந்துக்கிடுதேன்."

செந்தில் அம்மாவின் பக்கம் திரும்பினார். "அவ சொல்லுததுதான் சரிம்மா" என்றார். டாக்டர் பேனாவைத் திறந்தார்.

எளிதாகப் போகவில்லை. புது மாத்திரையில் கனியின் கால் நிற்கவே இல்லை. விடியும் முன் எழுந்து வீட்டுக் கூடத்தில் நடப்பாள். சாயங்காலம் செந்தில் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு அவளைப் பெசன்ட் நகர் கடற்கரைக்குக் கூட்டிப்போய் கூடவே நடப்பார். இரண்டு முறை, "போதும் சிஸ்டர், இந்தச் சனியன் வேண்டாம்" என்று போனில் அழுதாள். டாக்டர் அளவைக் குறைத்தார், கால் படபடப்புக்குத் துணை மாத்திரை ஒன்று சேர்த்தார். மெல்ல மெல்லக் கால் அடங்கியது. நினைப்பு முழுசாகப் போகவில்லை. "தெரு முக்குல நிக்கி. இந்தப் பக்கம் வராது" என்பாள். இடுப்பு கொஞ்சம் பெருத்தது, பழைய ரவிக்கையெல்லாம் பிரித்துத் தைத்தாள். ஒரு நாள் காலையில் நான் இட்லிப் பானையை இறக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. "சிஸ்டர், வந்துட்டு!" நம்மில் முக்கால்வாசிப் பேர் மாதாமாதம் சபிக்கிற அந்தச் சேதியை அவள் அழுகையும் சிரிப்புமாகச் சொன்னாள். நானும் அடுப்படியில் நின்று சிரித்தேன்.

நான் ஓய்வு பெறும்வரை அவர்களுக்குக் குழந்தை இல்லை. அதற்குப் பிறகு எனக்குத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ளவும் இல்லை. கேட்பதற்குத்தான் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்களே.

கடைசியாக அவர்கள் வந்தபோது கனி டாக்டரிடம் பேசிக்கொண்டிருந்தாள். மாமியார் வெளியே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஆள் இளைத்திருந்தார். என்னவென்று கேட்டேன். காய்ச்சலில் படுத்து எழுந்தாராம்.

"எந்திரிக்க முடியல சிஸ்டர். செந்தில் கடைக்குப் போய்ட்டான். இவ ரசஞ்சோறு கரைச்சுக் கொண்டு வந்தா. கரண்டிய வச்சுக்கிட்டு நிக்கா, நிக்கா, கிட்ட வர மாட்டக்கா. எனக்குப் புரிஞ்சுது. கரண்டிய வாங்கித் தள்ளி வச்சுட்டு, கையால குடு ஏட்டின்னேன். அவ என் மூஞ்சியவே பாத்தா. நான் வாயத் தொறந்துக்கிட்டு இருந்தேன்."

"குடுத்தாளா?"

"தட்டு காலியாகுற வரைக்கும் குடுத்தா" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எனக்குப் பசியே இல்ல சிஸ்டர். அவ நிறுத்திரக்கூடாதேன்னு சாப்பிட்டேன்."